அவள் அசையாமல் இருந்த நேரங்கள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பென்னாகரத்துக்கு மேற்கே உள்ள ஒரு சிற்றூரிலிருந்து இரண்டு பேருந்து மாறி, இளம் கணவனும் மனைவியும் பாலக்கோட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஏழு மாத ஆண் குழந்தை தாயின் தோளில் உறங்கிக்கொண்டிருந்தான். தந்தையின் கையில் இருந்த துணிக்கடைப் பை நிறைய மருத்துவமனைக் கோப்புகள். குழந்தையின் விழித்திரை பிறவியிலேயே செயல்படவில்லை என்றும், மருந்தாலோ அறுவைச் சிகிச்சையாலோ அதைச் சரிசெய்ய இயலாது என்றும் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. “அஞ்சு வயசு ஆனதும் கண் தெரியாத பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல சேர்த்துடுங்கன்னு சொல்லிட்டாங்கக்கா” என்றார் அந்தத் தம்பி. இன்றைக்கும் அந்த ஐந்து வயதுக்கும் இடையே கிடக்கும் நான்கு ஆண்டு ஐந்து மாதங்களில் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. கேட்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

தேநீர் குடித்து முடித்த பிறகு அந்தப் பெண் தயங்கித் தயங்கி ஒன்றைக் கேட்டாள். “அக்கா, நான் பக்கத்துல போய்ப் பேசினா இவன் அப்படியே கல்லு மாதிரி ஆயிடறான். கையைக் காலைக்கூட ஆட்டறதில்ல. என்னைப் பிடிக்கலையோ என்னவோ.”

பத்து ஆண்டுகளுக்கு முன்பு, பார்வையற்ற என் மகளைப் பற்றி இதே கேள்வி எனக்குள்ளும் இருந்தது. அதை யாரிடமும் கேட்கத் துணிவில்லாமல் ஓர் ஆண்டுக்கும் மேலாக அடக்கி வைத்திருந்தேன். அதற்கான விடை மிக எளியது. அந்த விடை பதினான்கு மாதங்கள் தாமதமாக எங்கள் வீட்டுக்கு வந்தது. அந்தத் தாமதத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் மகள் 2015 ஆம் ஆண்டு, முப்பதாவது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை ஆயிரத்து முந்நூறு கிராம். மூச்சுத் திணறலுக்காகப் பிராணவாயு வைத்து, ஊரார் கண்ணாடிப் பெட்டி என்று சொல்லும் இன்குபேட்டரில் முப்பத்து நான்கு நாள்கள் வைத்திருந்தார்கள். அவளை உயிரோடு எங்கள் கையில் கொடுத்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நான் இன்றும் நன்றி உடையவள். ஆனால் அந்த முப்பத்து நான்கு நாள்களில் அவளுடைய கண்ணை ஒருவரும் பார்க்கவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது தந்த ஆங்கிலத் தாளில், பத்துப் பன்னிரண்டு வரிகளுக்கு நடுவே, கண் பரிசோதனை செய்துகொள்ளவும் என்று ஒரு வரி இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாங்களும் அதை மற்ற வரிகளைப் போலவே எடுத்துக்கொண்டோம்.

கருவில் வளரும் குழந்தையின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் நான்காவது மாதவாக்கில் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வளரத் தொடங்குகின்றன. நிறைமாதத்தை ஒட்டித்தான் விளிம்பை எட்டுகின்றன. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு அந்த வளர்ச்சி பாதி வழியில் நின்றுபோகிறது. வெளியிலிருந்து தரப்படும் பிராணவாயு அந்த நிறுத்தத்தைக் கூட்டுகிறது. பிறகு, பட்டினி கிடக்கும் விழித்திரை தனக்கு வேண்டிய இரத்தத்தைத் தேடி முறையற்ற புதுக் குழாய்களை முளைக்கவிடுகிறது. அவை தழும்பாகி, இழுத்து, விழித்திரையையே பிய்த்துவிடுகின்றன. இதைத்தான் குறைமாத விழித்திரை நோய் என்கிறார்கள். இது ஒரே நாளில் நடப்பதில்லை, சில வாரங்களில் நடக்கிறது. அந்தச் சில வாரங்களுக்குள் ஒரு கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டுக் கண்பாவையை விரித்துப் பார்த்துவிட்டால், லேசர் கொண்டோ ஊசி மருந்து கொண்டோ பெரும்பாலான குழந்தைகளின் பார்வையைக் காப்பாற்ற முடியும். இரண்டு கிலோவுக்குக் குறைவான எடையிலோ முப்பத்து நான்கு வாரத்துக்கு முன்போ பிறந்த எந்தக் குழந்தைக்கும் முப்பது நாளுக்குள் இந்தப் பரிசோதனை நடக்க வேண்டும் என்பதே நம் நாட்டு விதிமுறை. மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாகவே, இரண்டு மூன்று வாரத்தில் நடக்க வேண்டும். எங்கள் மகளின் முப்பதாம் நாள் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே கழிந்தது.

நான்காம் மாதத்தில், தூளியில் கிடந்த குழந்தையின் பாவை வெள்ளையாகத் தெரிவதை என் அத்தைதான் முதலில் கண்டார். அத்தை என்றால் என் தந்தையின் தங்கை, என் மாமியார். பெருநகரத்து மருத்துவமனை ஒன்றில், இரு கண்களிலும் விழித்திரை முற்றிலும் பிரிந்துவிட்டது என்றார்கள். இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் யார் வீட்டிலாவது இப்போது ஒரு குறைமாதக் குழந்தை இருந்தால், மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில் குழந்தை பிறந்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணுங்கள்.

அத்தை மகனை மணந்துகொண்டதால்தான் இப்படி ஆயிற்று என்று ஊரில் பேசினார்கள். நெருங்கிய உறவில் மணம் செய்துகொள்வது எங்கள் பகுதியில் வழக்கம். தாய் தந்தை இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே மரபணுக் குறை குழந்தையிடம் சேர்ந்து வெளிப்படும் வாய்ப்பு அத்தகைய மணங்களில் கூடுகிறது என்பது உண்மைதான். பிறவி விழித்திரை நோய்களில் பலவும் பிறவிக் கண் அழுத்த நோயில் ஒரு பகுதியும் அப்படி வருபவை. அன்று வந்த அந்தப் பெண் தன் தாய்மாமனைத்தான் மணந்திருக்கிறாள். அவர்களுக்கு ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கக்கூடும் என்பதை, அடுத்த குழந்தையைப் பற்றி நினைக்கும் முன் மரபணு ஆலோசனை பெற வேண்டும் என்பதை, நான் அவர்களிடம் மெதுவாகச் சொன்னேன். ஆனால் எங்கள் மகளின் பார்வை போனதற்கும் எங்கள் உறவுமுறைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. காரணம் தெரியாத இடத்தை ஊர் தனக்குத் தெரிந்த காரணத்தால் நிரப்பிக்கொள்கிறது. அந்தச் சுமை பெரும்பாலும் தாயின் தலையில் இறங்குகிறது. மாரியம்மன் கோயிலுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிப் போட்டோம். நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றச் சொன்னார்கள். தாய்ப்பாலைக் கண்ணில் பீய்ச்சச் சொன்னார்கள். கண்மலர் சாற்றியதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. அந்த நாளில் எங்கள் கால்கள் போக ஓர் இடம் வேண்டியிருந்தது. கண்ணுக்குள் எதையும் விட வேண்டாம் என்பதை மட்டும் என்னிடம் வருகிற எல்லாரிடமும் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

அதன்பிறகு வந்த பத்து மாதங்கள்தாம் நான் திரும்பிப் பார்க்கவே அஞ்சும் காலம். குழந்தை அழமாட்டாள். தூளியில் போட்டால் மணிக்கணக்கில் கிடப்பாள். நான் பக்கத்தில் போனால், ஆடிக்கொண்டிருந்த கால்களும் நின்றுவிடும். முகம் ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். என்னைப் பார்க்காத முகம், நான் பேசும்போது என்னைவிட்டு விலகும் முகம். நான் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். பால் கொடுப்பேன், குளிப்பாட்டுவேன், துடைப்பேன். விடுப்பு முடிந்ததும், ஆசிரியையாக வேலை பார்க்கும் பள்ளிக்குத் திரும்பினேன். அவள் தொந்தரவு தராத நல்ல பிள்ளை என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள்.

கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் வட்டார வள மையத்தில் சொல்லி வைத்ததன் பேரில், மகளுக்குப் பதினான்கு மாதம் ஆனபோது சிறப்பாசிரியர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவருக்கே ஒரு கண்ணில் கொஞ்சம்தான் பார்வை. நாற்காலியை மறுத்துத் தரையில் உட்கார்ந்தார். கோப்புகளை எடுத்து நீட்டினேன். “அது அப்புறம் இருக்கட்டுங்க, முதல்ல நீங்க கூப்பிடுங்க, நான் பாக்கறேன்” என்றார். நான் கூப்பிட்டேன். மகள் வழக்கம் போல அசையாமல் ஆனாள். என் முகம் வாடியதைக் கண்டோ என்னவோ, அவர் என் கையைப் பிடித்துக் குழந்தையின் கைவிரல்களின் மேல் வைத்தார். அவை விரிந்து, ஒவ்வொன்றாக மெல்ல மடங்கிக்கொண்டிருந்தன. “கண்ணு தெரியற பிள்ளை, அம்மா வந்தா கையைக் காலை உதைச்சுக்கிட்டுச் சிரிக்கும். இவங்களுக்குக் காதுதான் எல்லாம். தான் அசைஞ்சா சத்தம் வரும், உங்க சத்தம் கேக்காது. அதனால மூச்சைக்கூட அடக்கிக்கிட்டு உங்களைக் கேக்கறாங்க. முகத்தைத் திருப்பறதும் காதை உங்க பக்கம் வைக்கத்தான்.”

என் பிள்ளை பதினான்கு மாதங்களாகத் தன்னுடைய முழு உடலாலும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பேச்சை நிறுத்திக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செல்மா ஃப்ரைபெர்க் என்ற குழந்தை உளப்பகுப்பாய்வாளர், 1960களிலும் 70களிலும், பிறவியிலேயே பார்வையற்ற குழந்தைகளின் வீடுகளுக்கே சென்று மாதக் கணக்கில் கவனித்து எழுதியவற்றைப் பின்னாளில் படித்தேன். அந்தக் குழந்தைகளின் முகத்தில் எதுவும் தெரியவில்லை என்று தாய்மார்கள் சொன்னபோது, அவர் முகத்தை விட்டுவிட்டுக் கைகளைப் பார்க்கச் சொன்னார். தேடல், விருப்பம், மறுப்பு எல்லாம் கைகளில் இருந்தன. இன்னொன்றையும் அவர் கண்டார். பார்வையுள்ள குழந்தை ஐந்தாம் மாதவாக்கில் கண்ணில் படும் பொருளை எட்டிப் பிடிக்கிறது. பார்வையற்ற குழந்தை, ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த ஒலி வரும் இடத்தில் ஒரு பொருள் இருக்கிறது என்று உணர்ந்து கை நீட்டுவதற்கு ஏறத்தாழ முதல் ஆண்டின் இறுதி ஆகிவிடுகிறது. அதுவரை, கையிலிருந்து நழுவிய கிலுகிலுப்பை அந்தக் குழந்தைக்கு உலகத்திலேயே இல்லாமற்போன ஒன்று. கை நீட்டத் தொடங்கிய பிறகுதான் தவழ்தல் வருகிறது. போய் எடுக்க ஒன்று இருந்தால்தானே உடல் நகரும். எங்கள் மகள் பதினான்கு மாதத்தில் தவழாததற்குக் காரணம் அவள் உடலில் இல்லை, அறிவிலும் இல்லை. அவளைச் சுற்றி எட்டிப் பிடிக்க எதையும் நாங்கள் வைத்திருக்கவில்லை என்பதே காரணம். தூளி நல்ல பொருள்தான்; உறங்க வைக்க அதைப் போல வேறில்லை. ஆனால் விழித்திருக்கும் நேரமெல்லாம் அதில் கிடக்கும் பார்வையற்ற குழந்தைக்கு, கை பட்ட இடமெல்லாம் ஒரே துணியும் அதே வளைவும்தான்.

அந்தச் சிறப்பாசிரியர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வியாழக்கிழமைகளில் வந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் குழந்தைக்குப் பயிற்சி கொடுத்தது குறைவு; எங்களுக்குக் கொடுத்ததே அதிகம். மாதம் இரண்டு மணி நேரம் நான் என்ன செய்துவிட முடியும், மற்ற நேரமெல்லாம் நீங்கள்தானே இருக்கிறீர்கள் என்பார். நான் பகலில் பள்ளியில் இருந்ததால், உண்மையான மாணவி அத்தைதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவர், அறுபது வயதில், இந்தப் பாடத்தை எங்கள் எல்லாரையும்விட வேகமாகக் கற்றார்.

முதலில் கற்றது, பெயர் சொல்லிக் கூப்பிடாமல் குழந்தையைத் தூக்கக் கூடாது என்பது. முன்னறிவிப்பில்லாமல் யாரோ தம்மை அந்தரத்தில் தூக்கினால் நமக்கு எப்படி இருக்கும்? பெயரைச் சொல்லி, ஒரு கணம் பொறுத்து, தோளைத் தொட்டு, பிறகு தூக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் வைத்தோம். என் கால் கொலுசை நான் கழற்றவே இல்லை. அத்தைக்குக் கண்ணாடி வளையல், என் கணவருக்குக் கைக்கடிகாரப் பட்டை, மாமாவுக்குத் தோள் துண்டு. வந்தவர் தம் அடையாளத்தை அவள் கையில் தொட்டுணரக் கொடுத்து, தம் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் கொஞ்ச வேண்டும். விருந்தினர்கள் “நான் யாருன்னு சொல்லு பார்க்கலாம்” என்று அவளைச் சோதிப்பதை அத்தை முதல் வாரத்திலேயே தடுத்துவிட்டார்.

அடுத்தது மாம்பழப் பெட்டி. டென்மார்க்கைச் சேர்ந்த லில்லி நீல்சன் என்ற சிறப்புக் கல்வியாளர், பார்வையற்ற குழந்தைகளுக்காகச் சின்ன அறை என்று ஒன்றை வடிவமைத்திருந்தார். மல்லாந்து கிடக்கும் குழந்தையின் தலைக்கு மேலும் பக்கங்களிலும் ஒரு பெட்டி போல நின்று, அதிலிருந்து பலவகைப் பொருள்கள் தொங்கும். குழந்தை தற்செயலாகக் கையை அசைத்தாலே ஏதோ ஒன்று தட்டுப்பட்டு ஒலிக்கும். மறுபடி அசைத்தால் அதே பொருள் அதே இடத்தில் இருக்கும். கைவிட்டுப் போனதும் காணாமற்போகாத ஓர் உலகம் அங்கேதான் முதன்முதலில் குழந்தைக்குக் கிடைக்கிறது. அதை விலை கொடுத்து வாங்க எங்களால் இயலாது. என் கணவர் கிருஷ்ணகிரி மண்டியிலிருந்து ஒரு பெரிய மரப் பெட்டியைக் கொண்டுவந்து, அடிப்பலகையைக் கழற்றி, உட்புறம் சிராய் இல்லாமல் தேய்த்தார். அதில் எவர்சில்வர் கரண்டி, சாவிக்கொத்து, வளையல்கள், தேங்காய் நார்க் கற்றை, சங்கு, ஒரு பழைய பூட்டு ஆகியவற்றைக் குட்டையான கயிறுகளில் கட்டினோம். கழுத்தில் சுற்றும் நீளத்தில் கயிறு கூடாது, வாய்க்குள் போகும் அளவில் எதுவும் கூடாது, பெரியவர் ஒருவர் எப்போதும் அருகில் இருக்க வேண்டும் என்பவை கண்டிப்பான நிபந்தனைகள். குழந்தையைக் கிடத்தியது மெல்லிய பிளைவுட் பலகையின் மேல். ஓரங்களில் ரீப்பர் அடித்துத் தரையிலிருந்து விரற்கடை உயர்த்தியிருந்ததால், குதிகால் பட்டாலும் பலகை முரசு போல அதிர்ந்தது. மூன்றாம் நாள் அவள் அதே கரண்டியைத் தேடி இரண்டாவது முறை அடித்தாள். அத்தை பள்ளிக்குப் போன் செய்து சொன்னார். நான் ஒன்பதாம் வகுப்பு வாசலில் நின்று அழுதேன்.

பிளாஸ்டிக் பொம்மைகளை ஆசிரியர் அதிகம் விரும்பவில்லை. பிளாஸ்டிக் யானையும் பிளாஸ்டிக் மாம்பழமும் தொட்டால் ஒன்றுதான். மணமும் எடையும் சூடும் குளிர்ச்சியும் இல்லை. சமையலறையிலிருந்து கொண்டுவாருங்கள் என்பார். அதைவிட முக்கியமாக அவர் வலியுறுத்தியது, பொருள் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதைக் குழந்தைக்குக் காட்டுவது. பார்வையுள்ள பிள்ளை, யாரும் கற்பிக்காமலேயே, மாடு கறப்பதையும் பால் பொங்குவதையும் டம்ளரில் ஊற்றுவதையும் பார்த்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்கிறது. பார்வையற்ற பிள்ளைக்கு ஒரு டம்ளர் பால் ஆகாயத்திலிருந்து உதட்டுக்கு வருகிறது. அத்தை அவளைக் கொட்டகைக்குத் தூக்கிப்போய் மாட்டின் வயிற்றில் கன்னத்தை வைத்து வெதுவெதுப்பை உணர வைத்தார். மடியைத் தொட வைத்தார். பாத்திரத்தில் விழும் பாலின் ஓசை மாறுவதைக் கேட்க வைத்தார். கேழ்வரகை முறத்தில் கொட்டிக் கைவிட்டு அளைய விட்டார். மாவைத் தொடுவது, களி வேகும் மணம், ஆறிய களியை உருட்டிக் குழம்பில் தோய்ப்பது எல்லாம் ஒரே நாளில், ஒரே வரிசையில் நடந்தன. கொழகொழப்பான எதையும் தொட மறுத்துக்கொண்டிருந்தவள் களி உருண்டையைத் தானே பிட்டுத் தின்ன அப்படித்தான் தொடங்கினாள்.

இதில் கைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துப் பொருளின் மேல் வைப்பது நம் எல்லாருக்கும் இயல்பாக வருவது. அவளுடைய கைகள்தாம் அவளுடைய கண்கள் என்றால், அப்படி இழுப்பது ஒருவரின் இமையைப் பிரித்துப் பார்க்கச் செய்வதற்கு ஒப்பானது. நம் கையை அடியில் வைத்து, அவள் கை நம் கையின் மேல் அமர, இரண்டும் சேர்ந்து பொருளை அணுக வேண்டும். விலக விரும்பினால் அவளால் விலக முடிய வேண்டும். அத்தை அதைத் தன் சொல்லில் இப்படி வைத்துக்கொண்டார்: “அவ கையை நாம புடிக்கக் கூடாது, நம்ம கையை அவ புடிக்கணும்.”

மொழியில் நேர்ந்தது எனக்கு, ஒரு தமிழாசிரியைக்கு, தனிப் பாடம். அ, இ, உ என்னும் மூன்றும் சுட்டெழுத்துகள் என்று ஆண்டுதோறும் ஆறாம் வகுப்பில் நடத்துகிறேன். அது, இது, அங்கே, இங்கே. இவை நம் பேச்சில் எத்தனை முறை வருகின்றன என்பதை மகள் வந்த பிறகுதான் எண்ணினேன். “அங்க இருக்கு பாரு” என்று முகவாயால் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தச் சொற்களுக்குப் பொருள் தருவது நம் விரலும் பார்வையும்தான். பார்வையற்ற குழந்தைக்கு ‘அங்கே’ என்பது ஒன்றுமில்லாத இடம். “உன் வலது முட்டிக்குப் பக்கத்துல டம்ளர் இருக்கு” என்று சொல்லப் பழகுவதற்கு எங்களுக்கு மாதங்கள் ஆயின. இன்னொன்று, நாம் பிள்ளைகளிடம் “பாப்பாவுக்குத் தண்ணி வேணுமா?” என்று கேட்கிறோம். அவள் தாகம் எடுத்தால் அந்தக் கேள்வியையே திருப்பிச் சொன்னாள். நான், நீ என்பவை ஆள்மாறிப் பொருள்மாறும் சொற்கள்; யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்பது தெரியாதபோது அவை குழம்பத்தான் செய்யும். பார்வையற்ற குழந்தைகளிடம் இது பரவலாகக் காணப்படும் ஒரு கட்டம் என்று ஆசிரியர் சொல்லியிருக்காவிட்டால், மூளை வளர்ச்சிக் குறை என்று மீண்டும் மருத்துவமனை வரிசையில் நின்றிருப்போம். என் கணவர் அவள் பின்னால் உட்கார்ந்து, அவளுடைய வாயாகவே “எனக்குத் தண்ணி வேணும்” என்று சொல்ல, நான் எதிரிலிருந்து தண்ணீர் தருவேன். நான்கு வயதுக்குள் சரியாயிற்று.

உறக்கம் பெரும்பாடாக இருந்தது. வெளிச்சமே உணராத கண்களுக்கு இரவும் பகலும் உடலுக்குள் பிரிவதில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து விளையாடுவாள். குளியல், உணவு, தாலாட்டு எல்லாவற்றையும் கடிகாரம் தப்பாமல் செய்ததில் ஓரளவு சீரானது. கண்ணைக் கைமுட்டியால் அழுத்தும் பழக்கமும் இருந்தது. கைக்கு வேலை கொடுத்தால் குறையும் என்றார்கள், குறைந்தது.

நடைவண்டியைப் பற்றி மகிழ்ச்சியோடு எழுதலாம். தேர்க்கடையில் வாங்கிய மரத்து மூன்று சக்கர நடைவண்டி. தள்ளிக்கொண்டு நடக்கும்போது சுவரில் முதலில் மோதுவது வண்டிதான், குழந்தை இல்லை. சக்கரம் சிமெண்டில் ஓடும் ஓசை வேறு, மண்ணில் ஓடும் ஓசை வேறு. வாசற்படி வந்தால் கைப்பிடி சரிந்து சொல்லிவிடும். பின்னாளில் வெள்ளைக் கோல் செய்யப்போகும் வேலையை நம் முன்னோர் செய்த பொருள் இரண்டு வயதிலேயே செய்தது. இருபத்தாறு மாதத்தில் நடந்தாள். அவள் விழுந்தபோதெல்லாம் நான் ஓடினேன். அத்தை என்னைப் பிடித்து நிறுத்தினார். கண் தெரியும் பேரப்பிள்ளைகள் விழாமலா வளர்ந்தார்கள் என்று கேட்டார்.

முழுதும் பார்வையில்லாத குழந்தையைப் பற்றியே இதுவரை எழுதினேன். ஆனால் இத்தகைய குழந்தைகளில் பலருக்கு ஓரளவு பார்வை உண்டு. அவர்களுக்கு முதல் ஆண்டுகளின் அவசரம் இன்னும் கூடுதல். பார்க்கப் பழகுவது மூளை. பிறவிக் கண்புரையை முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள் அகற்றி, உடனே கண்ணாடி போட்டுவிட்டால் கிடைக்கும் பார்வை, ஐந்து வயதில் அகற்றினால் கிடைப்பதில்லை. கைக்குழந்தைக்குக் கண்ணாடியா என்று பாட்டிமார்கள் கழற்றி வைத்துவிடுகிறார்கள்; நாங்கள் போகும் வீடுகளில் அதுவே முதல் சண்டை. வெளிர் நிறப் பாயில் வெள்ளைக் கிண்ணத்தை வைத்தால் அந்தக் குழந்தைக்குக் கிண்ணம் தெரியாது. கறுப்புத் துணியின் மேல் மஞ்சள் கிண்ணத்தை வைத்தால் கை நீளும். சன்னல் வெளிச்சம் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், முகத்தில் அடிக்கக் கூடாது. இவற்றுக்குச் செலவே இல்லை, யாரோ வந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

யார் வந்து சொல்வது என்பதில்தான் என் மனம் ஆறவில்லை. 2013 இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்திய கார்யக்கிரம் என்னும் தேசியக் குழந்தைகள் உடல்நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழுக்கள் ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிகளுக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். பிறவிக் கண்புரையும் குறைமாத விழித்திரை நோயும் அவர்கள் தேட வேண்டிய பட்டியலில் உள்ளன. கண்டறியப்பட்ட குழந்தைகளுக்காக மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. இவை நல்ல ஏற்பாடுகள். பல பெற்றோருக்கு இப்படி ஒரு மையம் இருப்பதே தெரியாது என்பதால், என்னிடம் வரும் எல்லாரையும் முதலில் அங்கே அனுப்புகிறேன். ஆனால் அஞ்செட்டிப் பக்கத்து மலைக்கிராமத்திலிருந்தோ ஒகேனக்கல் காட்டோரத்திலிருந்தோ ஒரு தாய் கைக்குழந்தையோடு மாவட்டத் தலைநகருக்கு வந்து போனால் ஒரு நாள் கூலி போகிறது. மூன்றாவது முறைக்கு மேல் வருவதில்லை. கணவன்மார்களில் பலர் பெங்களூரில் கட்டட வேலையிலோ திருப்பூரில் பனியன் வேலையிலோ இருக்கிறார்கள். பிள்ளையைப் பார்ப்பது பாட்டி. மையத்துக்கு வருவது தாய், வீட்டில் வளர்ப்பது பாட்டி என்றால், சொன்னது எங்கே போய்ச் சேரும்? மேலும், மையத்துக் கூடத்தில் கற்பிப்பதைக் குழந்தை தன் வீட்டு வாசற்படிக்கும் அடுப்பங்கரைக்கும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது அவ்வளவு எளிதன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, ஆறு வயது முதல் பதினெட்டு வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. பிறப்பு முதல் ஆறு வரை உள்ள குழந்தைக்கு ஓர் ஆசிரியர் வீடு தேடி வருவதையும் அதே உறுதியோடு எழுதி வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். எங்கள் வட்டாரத்தில் அங்கன்வாடிப் பணியாளர்கள் நடந்தே எல்லா வீட்டுக்கும் போகிறார்கள். அவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தால் “கூப்பிட்டு விட்டுத் தூக்குங்கள், விரலைப் பாருங்கள்” என்பதையாவது முதல் மாதத்திலேயே சொல்லிவிடலாம்.

மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. அவளுக்கு எழுத்து வந்தது பல்லாங்குழியில். பிரெய்லின் ஒவ்வோர் எழுத்தும் மூன்று வரிசையில் இரண்டிரண்டாக ஆறு புள்ளிகளுக்குள் அடங்குவது. பல்லாங்குழிப் பலகையை நெட்டுக்கு நிறுத்தி, மேலிருந்து மூன்று வரிசையை மட்டும் விட்டு மற்ற குழிகளைத் துணியால் மூடினால் ஆறு குழிகள் கிடைக்கும். இடப்பக்க முதல் குழியில் மட்டும் புளியங்கொட்டை போட்டால் அது அ. நான்கு வயதில் அத்தையோடு ஆடியபடியே பாதி உயிரெழுத்துகளைக் கற்றுவிட்டாள். புள்ளிகளைப் படிக்கும் விரலுக்கு வேண்டிய நுட்பம் அதற்கும் முன்பே, பயறு பொறுக்கியதிலும் புளி கோதியதிலும் வந்திருந்தது.

அன்று வந்த அந்தப் பெண்ணிடம் நான் எதையும் விளக்கவில்லை. குழந்தை விழித்ததும், அவனைப் பாயில் கிடத்தி, பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னேன். அவன் அசைவற்றுப் போனான். அவள் கையை எடுத்து அவன் பாதத்தருகே வைத்தேன். கால் கட்டைவிரல் மேலும் கீழும் மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. அவள் மறுபடி கூப்பிட்டாள், விரல் விரிந்தது. அந்தத் தம்பி எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அவள் மாலை வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

வரும் ஞாயிறு நாங்கள் அவர்கள் ஊருக்குப் போகிறோம். பெட்டி தயாராக இருக்கிறது. எதையெதைத் தொங்கவிடுவது என்பதை மகள்தான் முடிவு செய்தாள். நான் எடுத்து வைத்த பிளாஸ்டிக் கிலுகிலுப்பையை ஒதுக்கிவிட்டு, அந்தப் பழைய பூட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். பிறகு பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, அந்தத் தம்பி வீட்டுத் தரை மண்ணா சிமெண்டா என்று கேட்டாள். மண் தரையில் வைத்தால் இந்தப் பலகையின் ஒலி அமுங்கிவிடும், ரீப்பர் இன்னும் கொஞ்சம் உயரமாக வேண்டும் என்றாள். நான் அதைக் கேட்டு வைத்திருக்கவில்லை. இன்று மாலை போன் செய்து கேட்க வேண்டும்.